ஸ்கீமில் த்ரெட் போட்டால் வேகம் கூடுமா?

கேள்வி: அண்ணா, ஸ்கீம் நிரல்மொழியின் ஒரு வகையான ராக்கெட்டில் நாலு த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்) போட்டு பகா எண்களை எண்ணினேன். நாலு கோர் இருந்தும் ஒன்றுதான் உழைக்கிறது. என்ன தப்பு?

பதில்: உங்கள் நிரலில் தப்பில்லை தம்பி. ராக்கெட்டில் சாதாரணமாக உருவாக்கும் த்ரெட்டுகளை ராக்கெட்டே ஒரு கோரின் மேல் மாற்றி மாற்றி ஓட்டுகிறது. நூறு இணைப்புகளின் பதிலுக்குக் காத்திருக்கும் சர்வருக்கு அது நன்றாகவே போதும். கணக்குப் போடும் வேலைக்கு, பல கோர்களில் ஓட்டும் ராக்கெட் வசதிகளான ஃபியூச்சர் அல்லது பிளேஸ் வேண்டும். (9.0 பதிப்பில் இணையாக ஓடும் த்ரெட்டும் வந்துவிட்டது.)

ஃபியூச்சர் எண் கணக்குக்கு அருமை. ஆனால் இணையாகச் செய்ய முடியாத ஒரு செயல் இடையில் வந்தால், நீங்கள் விடையைக் கேட்டு 'டச்' செய்யும்வரை அங்கேயே நின்றுவிடும். பிளேஸ் அப்படி நிற்காது. அதற்குத் தனி நினைவகம். செய்தி அனுப்பித்தான் பேச வேண்டும், பெரிய தரவை அனுப்பினால் நகலெடுக்கவே நேரம் போய்விடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை: போவது இரண்டு எண் (வரம்பின் தொடக்கமும் முடிவும்), வருவது ஒரு எண்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரம்பைச் சரியாக நாலாக வெட்டாதீர்கள். வகுத்துப் பார்க்கும் முறையில் பெரிய எண்களுக்கு நேரம் அதிகம்; கடைசிப் பங்கு மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். சிறு துண்டுகளாக்கி, முடித்தவருக்கு அடுத்ததைக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும் என்றால் மியூடெக்ஸ் (ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) தேவையில்லைதானே?

பதில்: தேவை. த்ரெட்டுகள் பகிரும் எண்ணியைப் படிப்பதற்கும் ஒன்று கூட்டி எழுதுவதற்கும் நடுவில் ராக்கெட் வேறு த்ரெட்டுக்கு மாறலாம். அப்போது ஒரு கூட்டல் காணாமல் போகும். எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும், அதனாலேயே கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேள்வி: கைல் என்ற இன்னொரு ஸ்கீம் எப்படி?

பதில்: அதில் த்ரெட் என்றால் நிஜமான ஆபரேட்டிங் சிஸ்டம் த்ரெட். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும், பைத்தானில் நெடுங்காலமாக இருந்துவரும் பொதுப் பூட்டு இதில் கிடையாது. பட்டியலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலைச் செய்யும் 'மேப்' இருந்த இடத்தில், அதையே இணையாகச் செய்யும் 'பார்-மேப்' போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எல்லா ஸ்கீமிலும் ஓடும்படி எழுத முடியுமா?

பதில்: ஸ்கீமின் தரவரையறையான ஆர்7ஆர்எஸ்-இன் சிறு மொழியில் த்ரெட் இல்லை. மார்க் ஃபீலி எழுதிய எஸ்ஆர்எஃப்ஐ 18 என்ற த்ரெட் வரையறை பல ஸ்கீம்களில் உண்டு. ஆனால் அது உறுதி தருவது நிரல் ஓடும் என்பதற்கு மட்டும். சிக்கன் என்ற ஸ்கீமில் அதே நிரல் ஒரே கோரில்தான் ஓடும்.

கேள்வி: கால்/சிசி-க்கும் (நிரலில் இனி நடக்க வேண்டிய மிச்சத்தை, அதாவது தொடர்ச்சியை, பிடித்துத் தரும் ஸ்கீம் வசதி) த்ரெட்டுக்கும் என்ன உறவு, சார்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி! 1975-இல் எம்ஐடியில் சஸ்மனும் ஸ்டீலும் ஸ்கீமை எழுதியதே, ஒரே நேரத்தில் பல வேலைகள் நடப்பதை விளக்கும் கார்ல் ஹெவிட்டின் ஆக்டர் கோட்பாட்டைப் புரிந்துகொள்ளத்தான். எழுதிப் பார்த்தபோது ஆக்டரை (செய்தி வாங்கி வேலை செய்யும் அலகு) இயக்கும் நிரலும் லாம்டாவை (ஸ்கீமின் செயல்கூறு) இயக்கும் நிரலும் ஒன்றாகவே இருந்தன. 1980-இல் மிட்செல் வாண்ட், தொடர்ச்சிகளைக் கொண்டே பல்பணியைக் கட்டலாம் என்று காட்டினார். இப்போதைய தொடர்ச்சியைக் கால்/சிசி-யால் பிடித்து வரிசையின் கடைசியில் வையுங்கள். முதலில் நிற்பதை எடுத்து அழையுங்கள். இருபது வரிக்குள் த்ரெட் தயார். அவசியம் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள். சர்வருக்கு மட்டும் இதை வைக்காதீர்கள்: ஒரு வேலை உள்ளீட்டுக்குக் காத்து நின்றால் மொத்தமும் நின்றுவிடும். அதற்குக் கைலில் ஃபைபர்ஸ் என்ற நூலகம் இருக்கிறது.