இறக்குமதி அட்வென்ச்சர் பைக் புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறேன். எப்போது வரும், அதுவரை என்ன செய்யலாம்?

தேதியைக் கேட்பதை நிறுத்துங்கள். சேஸிஸ் நம்பரை, அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் தனி எண்ணைக் கேளுங்கள்.

சென்னையில் புக் செய்து மாதங்கள் ஓடிவிட்டன, ஷோரூமில் எப்போது கேட்டாலும் "அடுத்த மாசம் வந்துடும் சார்" என்கிறார்கள், முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இப்படிக் காத்திருந்து பெரிய ஐரோப்பிய வண்டி ஒன்றை எடுத்தவன். அதே சமயத்தில் புக் செய்த நாலைந்து பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இன்னும் ஒன்றாக இருக்கிறோம். அதில் ஒருவருக்கு இன்றுவரை வண்டி வரவில்லை. அதனால் இந்தத் தவிப்பு எனக்கு நன்றாகவே தெரியும்.

விற்பனைப் பிரிவில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவருக்கே தெரியாது. முழு வண்டியாகவே கப்பலில் வரும் மாடல்களில் இந்தியாவுக்கு இத்தனை என்று ஆலை ஒதுக்கும். அதை இங்குள்ள தலைமை அலுவலகம் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும். சென்னைக்கு விழுந்த பங்கில் நீங்கள் கேட்ட நிறமும் வேரியன்ட்டும் இருந்தால்தான் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு சேஸிஸ் நம்பர் ஏறும். அது ஏறாதவரை "அடுத்த மாசம்" என்பது அவருடைய நம்பிக்கை, அவ்வளவுதான். ஏறிவிட்டால் உங்கள் வண்டி என்று ஒன்று எங்கோ நிற்கிறது என்று அர்த்தம். அப்புறம் கேட்க வேண்டியதெல்லாம் அது ஆலையில் இருக்கிறதா, கப்பல் ஏறிவிட்டதா, துறைமுகத்தில் சுங்கத்துக்காக நிற்கிறதா, கிடங்குக்கு வந்துவிட்டதா என்பதுதான். இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் மேலாளரிடம் போங்கள், மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

இன்னொன்றையும் கூடவே கேளுங்கள்: யாருக்கும் ஒதுக்காத வண்டி வேறு நிறத்தில் கிடங்கில் இருக்கிறதா? எங்கள் குழுவில் ஒருவர் நிறத்தை விட்டுக்கொடுத்து எல்லோருக்கும் முன்பாக வண்டி எடுத்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பல வருஷம் ஆசைப்பட்ட வண்டி, பிடித்த நிறத்தில்தான் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் மனசு எந்தப் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

தாமதம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தால் பாதி எரிச்சல் போய்விடும். பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ் பெர்லினின் ஸ்பாண்டாவ் ஆலையில் தயாராகிறது. அந்த மாடலை உலகத்துக்குக் காட்டியது 2023 செப்டம்பரில், இந்தியாவில் 20.95 லட்சம் என்று ஷோரூம் விலை அறிவித்தது 2024 ஜூனில். அறிமுகத்துக்கே இவ்வளவு இடைவெளி. அப்புறம் கடல். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதிலிருந்து, ஐரோப்பாவிலிருந்து வரும் பல கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. அதிலேயே ஒன்றிரண்டு வாரம் கூடிவிட்டது. ஜப்பானின் குமமோட்டோவில் தயாராகும் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின் போன்றவை கிழக்கிலிருந்து மலாக்கா வழியாக வருவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பிய ஆலைகள் பல ஆகஸ்டில் கோடை விடுமுறைக்கு மூடுவதையும் கணக்கில் வையுங்கள். ஜூலையில் புக் செய்துவிட்டு தீபாவளிக்கு வண்டி வேண்டும் என்றால் கஷ்டம்தான்.

பணக் கணக்கு இதைவிட முக்கியம். பெரும்பாலான ஷோரூம்களில் புக் செய்த நாளின் விலை உங்களுக்குக் கிடைக்காது. பில் போடும் நாளில் என்ன விலையோ அதுதான். புக்கிங் ரசீதின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இது இருக்கும், எடுத்துப் படியுங்கள். 1600 சிசி வரையுள்ள முழு இறக்குமதி பைக்குகளுக்கு சுங்க வரியை 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைத்தார்கள். அப்போது காத்திருந்தவர்களுக்கு அது அதிர்ஷ்டம். அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆனது. அதற்கு முன் செஸ் என்ற கூடுதல் வரியையும் சேர்த்து 31. ஜிஎஸ்டிக்கு முந்தைய விலை 15 லட்சம் உள்ள வண்டியில் இந்த ஒன்பது சதவீதமே 1.35 லட்சம். ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் முடிந்து அறிவிப்பு வந்தது செப்டம்பர் 3 அன்று. அந்த இடைவெளியில் எங்கள் குழுவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஒருவருடைய வண்டி கப்பலிலிருந்து இறங்கி சுங்கத்தில் நின்றுகொண்டிருந்தது. "ப்ரோ, இன்னிக்கு கிளியர் ஆகிடுமா?" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருந்தார். கெடுவுக்குள் பில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் தன் வண்டியே வந்துவிட்ட மாதிரி சந்தோஷம்.

மற்ற சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் இறங்கும் வண்டி சுங்கம் சேர்ந்து 140, அதன்மேல் 40 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 196 ஆகிறது. இதற்கு மேல் தமிழ்நாட்டில், ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 12 சதவீதம் சாலை வரி. ஷோரூம் விலையை மட்டும் வைத்துக் கடன் போட்டிருந்தால் இப்போதே வங்கியில் பேசிவிடுங்கள்.

சரி, அதுவரை என்ன செய்யலாம்? வண்டியைத் தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆர் 1300 ஜிஎஸ் பெட்ரோலோடு 237 கிலோ. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. பிடிக்கப் பார்த்தால் முதுகு போகும். கேளம்பாக்கம் பக்கம் ஒரு காலி மனையில் நண்பருடைய பழைய பெரிய பைக்கை மெதுவாக மண்ணில் படுக்கவைத்துப் பழகினோம். முதலில் சாவியை அணைக்க வேண்டும். முதல் கியரில் போட்டுவிட்டால் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாய்ந்துவிடும். ஹேண்டில்பாரைத் தரையிருக்கும் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பு சீட்டின் விளிம்பில் படும்படி குந்தி உட்காருங்கள். ஒரு கை கீழே இருக்கும் ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை வளைக்காமல் தொடையால் தரையை உதைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழுந்து வரும். எங்களோடு வந்த ஒரு அக்கா ஐந்தடி உயரம்தான், ஒல்லியான உடம்பு. அவர் தூக்கி நிறுத்தியபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பாக்ஸர் எஞ்சின் வண்டி என்றால் சிலிண்டர் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் முழுசாகப் படுக்காது, தூக்குவது கொஞ்சம் சுலபம்.

அதோடு, இப்போது கையில் இருக்கும் பைக்கிலேயே எழுந்து நின்று ஓட்டிப் பழகுங்கள். நம் ஊருக்குப் பக்கத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலையில் தயாராகும் ஹிமாலயன் இதற்கு அருமையான பள்ளிக்கூடம். 450 மாடல் 196 கிலோதான். நண்பர் யாரிடமாவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்குங்கள். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்வாக வைத்து, செம்மண்ணில் நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். பெரிய வண்டியில் வேகமாகப் போவது எவராலும் முடியும். மெதுவாகத் திருப்புவதுதான் வேலை.

சீட் உயரத்தை மறுபடி ஒருமுறை சோதியுங்கள். ஷோரூமின் வழவழ தரையில், அவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஏறி உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. ரைடிங் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். 850 மில்லிமீட்டர் சீட்டில் என் உயரத்துக்கு நுனிக்கால்தான் எட்டியது. அதனால் தாழ்ந்த சீட்டை வண்டியோடு சேர்த்தே ஆர்டர் செய்தேன். கிராஷ் கார்டு (விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பி), பக்கவாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் என் யோசனை. வண்டி வந்தபின் தனியாகக் கேட்டால், அவற்றுக்கும் கடல் தாண்டி வர இன்னொரு காத்திருப்பு. ஜாக்கெட், ஹெல்மெட் வேண்டுமானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மாலை செலவழியுங்கள். இணையத்தில் வாங்குவதைவிடப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. சென்னை வெயிலுக்குக் காற்று புகும் மெஷ் ஜாக்கெட்தான்.

ஆடி மாதத்தில் வண்டி வந்தால் வீட்டில் எடுக்க விடமாட்டார்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆவணி பிறக்கும்வரை நிறுத்திவைக்கச் சொன்னார். நானாக இருந்தால் அம்மாவிடம் கெஞ்சிப் பார்ப்பேன், ஆனால் மீறமாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகள் என்ன ஆயின என்று பார்த்தோமே. காப்பீடு எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு சேர்க்கையைக் கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் கூடுதல் பணம் போனாலும் பரவாயில்லை.

வண்டி வந்துவிட்டது என்று போன் வந்ததும், பேக்கிங்கைப் பிரிக்கும்போது நானும் இருக்கலாமா என்று கேளுங்கள். எனக்கு அனுமதித்தார்கள். இரும்புச் சட்டத்துக்குள், நாலு பக்கமும் பட்டையால் இறுக்கி, கண்ணாடிகள் தனி அட்டைப்பெட்டியில், டேங்க் மேல் வெள்ளை நுரைத்தாளோடு நின்றது. மெக்கானிக் அண்ணன் பட்டையைத் தளர்த்தியதும் முன் சஸ்பென்ஷன் மெல்ல மூச்சு விட்டு எழுந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்தில் ஆசையோடு பார்ப்பது ஒரு பக்கம், சரிபார்ப்பது ஒரு பக்கம். சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டும் பில்லோடு பொருந்துகிறதா? ஆலை தரும் சான்றிதழான படிவம் 22இல் தயாரிப்பு மாதமும் வருஷமும் என்ன? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025ஆம் வருஷத்தின் 35ஆவது வாரம். ஜனவரியில் பில் போட்டு முந்தைய வருஷத்து வண்டியைத் தந்தால் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாளை விற்கும்போது அந்த வருஷம்தான் பேசும்.

முன்பணத்தைத் திரும்ப வாங்குவது பற்றி: சேஸிஸ் நம்பர் ஒதுக்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள், வண்டி வந்துவிடும். ஒதுக்கவும் இல்லை, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லவும் மறுக்கிறார்கள் என்றால் தயங்காமல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் ஷோரூமில் கேளுங்கள். பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒதுக்கிய வண்டி அங்கே சும்மா நிற்கக்கூடும். தற்காலிகப் பதிவில் இங்கே கொண்டுவந்து நம் ஆர்டிஓவில் பதிவு செய்துகொள்ளலாம்.

எடுத்த அன்றைக்குப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சை வைத்துப் பூஜை. அதற்கப்புறம் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகாதீர்கள், புது எஞ்சினுக்கு வேகம் ஏறி இறங்குவதுதான் நல்லது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று சுற்றி வந்தால் சரியாக இருக்கும். முதல் சர்வீஸ் முடிந்ததும் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறி, காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடியில் இறங்குங்கள். ஜவ்வாது மலையில் விடிகாலையில் போங்கள், பேருந்துகள் கிளம்பும் முன் வளைவுகள் முழுக்க உங்களுக்கே.