வெனிஸில் இரண்டு நாள், கையைக் கடிக்காமல்

அறை வாடகையே பட்ஜெட்டை விழுங்குகிறது, இதில் கோண்டோலா படகுச் சவாரிக்கு 90 யூரோ வேறா என்று கேட்டிருந்தீர்கள். அறையை வெனிஸ் தீவுக்கு எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். அங்கிருந்து தீவிலுள்ள சாந்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே ‘பெரிய கால்வாய்’ (கிராண்ட் கெனால்). மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான். அதனால் அங்கே இரவு தங்கினால், சில நாட்களில் பகல் பயணிகளிடம் வாங்கும் நுழைவுக் கட்டணம் உங்களுக்கு இல்லை. ஆனால் இணையத்தில் விலக்குக்குப் பதிந்து கியூஆர் கோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

கோண்டோலா? விட்டுவிடுங்கள். ரியால்தோ மீன் சந்தை அருகே த்ராகெத்தோ என்ற படகு கால்வாயைக் குறுக்கே கடக்கிறது, 2 யூரோ. அதுவும் கோண்டோலாதான், அலங்காரம் மட்டும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள். ஆட்டம் பயமென்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். அப்புறம், காபியைக் கவுன்டரில் நின்றே குடியுங்கள். சான் மார்கோ சதுக்கத்தில் மேசையில் உட்கார்ந்தால் வாசிக்கும் இசைக்கும் தனிக் காசு.