எங்கள் தெருவுக்கு இரண்டாவது ஃபைபர் வருமா?

புறநகர்ப் பகுதிகளில் ஃபைபர் (கண்ணாடி இழை வழியாக வரும் இணைய) இணைப்பு பற்றியும், அதற்காக நிறுவனங்களுக்குள் நடக்கும் போட்டி பற்றியும் வந்த கேள்விகள் இவை. கேபிள் இழுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நகரத்துக்குள் நாலைந்து நிறுவனங்கள் இருக்கின்றன. அரை மணி நேரம் தள்ளி இருக்கும் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். ஏன்?

கண்ணாடி இழைக்கு அவ்வளவு செலவில்லை. பள்ளம் தோண்டுவது, கம்பத்தில் இடம் பிடிப்பது, சாலையை வெட்ட அனுமதி வாங்குவது இவற்றில்தான் பணம் கரைகிறது. அடுக்குமாடிக்குள் ஒரு கேபிள் போனால் நூறு வீட்டுக்கு இணைப்பு கொடுக்கலாம். தனி வீடுகள் உள்ள தெருவில் அதே நீளத்துக்குப் பத்து வீடு தேறினால் பெரிது. இதில் முதலில் வந்தவர் பாதி வீடுகளைப் பிடித்துவிட்டால், அடுத்து வருபவர் முழுச் செலவையும் செய்துவிட்டு மிச்ச வீடுகளைத்தான் நம்ப வேண்டும். அந்தக் கணக்கில்தான் தயங்குகிறார்கள்.

அப்படியென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லையா?

இருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2012இல் கூகுள் ஃபைபர் வந்தபோது, போதுமான வீடுகள் முன்பதிவு செய்த பகுதிகளுக்குத்தான் கேபிள் போட்டது. அக்கம்பக்கத்தார் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார்கள். நீங்களும் ஒரு பட்டியல் போடுங்கள்: எத்தனை வீடு தயார், இப்போதைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, கேபிள் எந்த வழியாக உள்ளே வரலாம். இதைக் கையில் கொடுத்தால் விற்பனைப் பிரிவு பேசும் விதமே மாறும்.

அப்புறம், குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ சாலையைத் தோண்டும்போது ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் புதைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் நிறுவனம் மறுபடி தோண்ட வேண்டியதில்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், 1994இல் ஸ்டோக்கப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. அது தானே இழைகளைப் போட்டு, கேட்கும் நிறுவனங்களுக்கெல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறது. சாலையை ஒருமுறை வெட்டினால் போதும், பலர் போட்டியிடலாம். எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இது.

விளம்பரத்தில் ஃபைபர் என்கிறார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது?

வீட்டுக்குள் நுழையும் கம்பியைப் பாருங்கள். மெல்லிய இழை வந்து ஒரு சிறு பெட்டியில் முடிந்தால் ஃபைபர். டிவி கேபிளோ தொலைபேசிக் கம்பியோ வந்தால், தெருமுனை வரைதான் ஃபைபர், மிச்சம் செம்பு. பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். பதிவிறக்கம் 300 மெகாபிட், பதிவேற்றம் 20 மெகாபிட் என்றால் நான் சந்தேகப்படுவேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் படுத்துவிடுகிறது. யார் மேல் தவறு?

முதலில் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக ஒயர் செருகிப் பாருங்கள். ஒரு கிகாபிட் (1000 மெகாபிட்) திட்டத்தில் 940 மெகாபிட் வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். 95க்கு மேல் ஏறவே இல்லையென்றால் ஒயரிலோ போர்ட்டிலோ கோளாறு. ஒயரிலும் ராத்திரி மட்டும் குறைந்தால் நெரிசல். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைகளில் பரவலாக உள்ள ஜிபான் (GPON) முறையில் 2.5 கிகாபிட் பதிவிறக்கத்தைப் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. புதிய எக்ஸ்ஜிஎஸ்-பான் (XGS-PON) முறையில் அது 10 கிகாபிட். புதிதாக வரும் நிறுவனத்திடம் எந்த முறை என்று கேளுங்கள்.

கரண்ட் போனால்?

தெருவில் இழையைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். உங்கள் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சின்ன யுபிஎஸ் இருந்தால் பெரும்பாலும் ஓடும்.

புது நிறுவனம் ஆறு மாதம் பாதி விலை என்கிறது. மாறலாமா?

ஏழாவது மாத விலையை எழுத்தில் வாங்குங்கள். இடையில் விலகினால் எவ்வளவு, ரவுட்டர் யாருடையது என்பதும் அதில் இருக்கட்டும். வீட்டு கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்ப்பவர் என்றால் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து உங்கள் இணைப்பை நேராக அடைய உதவும் எண்) தருவார்களா என்று கேளுங்கள். பழைய இணைப்பை உடனே வெட்டாமல் இரண்டு வாரம் இரண்டையும் ஓட்டுங்கள்.

இரண்டு நிறுவனம் வந்தாலும் விலை ஒன்றாகத்தானே இருக்கப்போகிறது?

சில இடங்களில் அப்படித்தான். ஆனால் விலையைவிட சேவையில்தான் மாற்றம் சீக்கிரம் தெரியும். நான் குடியிருந்த தெருவில் ஒரே நிறுவனம் இருந்தவரை, பழுது என்றால் நாலு நாள் காத்திருப்போம். இரண்டாவது கேபிள் வந்த பிறகு அதே நிறுவனத்தின் ஆள், புகார் கொடுத்த அன்று சாயங்காலமே ஏணியோடு வந்து நின்றார்.