வாசகர் கேள்வி – பதில்: வீட்டு விளையில் வளரும் தேனீ வருமானம் தருமா?

கேள்வி: என் மாமனார் விட்டுச் சென்ற ஆசையால், எங்கள் வீட்டு விளையில் (தோட்டத்தில்) நான்கு ஆண்டுகளாக மூன்று தேன்பெட்டிகளைப் பராமரித்து வருகிறேன். கிடைக்கும் தேனை உறவினர்களுக்கே கொடுத்து வந்தேன். பிள்ளைகளின் படிப்புச் செலவு கூடிவிட்டதால், நகைக்கடன் பெற்று முப்பது பெட்டிகள் வாங்கி, இதையே துணை வருமானமாக்கலாமா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: துணை வருமானமாக்கலாம், சகோதரி. ஆனால் நகையை அடகு வைக்க வேண்டாம். முப்பது பெட்டிகளில் தொடங்கவும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் மூன்று தேனீக் குடும்பங்களையே (ஒரு பெட்டியில் வாழும் கூட்டமே ஒரு குடும்பம்) பிரித்துப் பெருக்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

நம் குமரி மாவட்டத்தில் தேன் வரத்து என்பது பெரும்பாலும் ரப்பர் மரத்தை நம்பியது. மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்த்த மரம் புதுக்கொழுந்து விடும்போது, மூன்று இலைகள் கூடும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. பூவைவிட இந்தக் கொழுந்தே நம் தேனீக்களுக்குப் பேருணவு. ஆகவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான சில வாரங்களில்தான் ஆண்டின் விளைச்சலில் பெரும்பகுதி வந்து சேர்கிறது. இந்தியத் தேனீக் குடும்பம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு ஐந்து முதல் பத்து கிலோ வரை எதிர்பார்க்கலாம். பராமரிப்பும் இடமும் வாய்த்தால் கூடுதலாகவும் கிடைக்கலாம். ஆனால் உங்கள் மூன்று பெட்டிகள் நான்கு ஆண்டுகளில் தந்த அளவைவிட நம்பகமான கணக்கு உங்களுக்கு வேறு எதுவும் இல்லை. அதை எழுதி வைத்திருக்காவிட்டால் இவ்வாண்டிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கத் தொடங்குங்கள்.

தேன் எடுக்கும் வாரங்கள் இனியவை. வருமானத்தைத் தீர்மானிப்பவையோ, தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான, தேனீக்களுக்கு உணவு கிட்டாத பஞ்ச காலம். அப்போது சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகை, பிற கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையடிக்க வராதபடி, அந்தி சாய்ந்தபின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தேனீக்கள் மூடி நில்லாத வெற்று அடைகளை (மெழுகாலான கூட்டுத் தட்டுகளை) எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் மெழுகுப் பூச்சி புகுந்துவிடும். எறும்பு ஏறாமல் பெட்டிக் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்த வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு பெட்டிக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் முப்பது பெட்டிகளுக்கு ஐந்து மணி நேரமாகிறது. வீட்டு வேலைகளுக்கிடையே அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

நகைக்கடன் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) கிராமப்புற மையத்தின் முயற்சியால் இங்கு வேரூன்றிய இத்தொழில், 1991–92 காலத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோயால் பெரும் சரிவைக் கண்டது. தேனீப் புழுக்கள் பை போல வீங்கி இறந்தன. தேனீக் குடும்பங்கள் கொத்துக்கொத்தாக அழிந்தன. இன்றும் அந்நோய்க்கு நேரடி மருந்து இல்லை; வலிமையான குடும்பமும் தூய்மையுமே பாதுகாப்பு. அப்படி ஒரு பருவம் வந்தால் பெட்டிகள் வெறுமையாகலாம். நகைக்கடனின் வட்டி அப்போதும் நிற்காது.

குடும்பத்தைப் பிரிப்பதற்கு மழைக்குப் பின் கூட்டம் பெருகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் பொருத்தமானது. முட்டையும் இளம்புழுவும் உள்ள அடைகளில் பாதியைத் தேனீக்களோடு புதுப்பெட்டிக்கு மாற்றினால், இராணியில்லாத பாதி தானே ஒரு இராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ பதினாறு நாள். அது கலவிப் பறத்தல் முடித்து முட்டையிட மேலும் இரண்டு வாரம் வரை ஆகலாம். எனவே டிசம்பர் இறுதிக்குள் பிரித்து முடித்தால்தான் கொழுந்து பருவத்துக்குள் குடும்பம் வலுப்பெறும். இப்படி மூன்று ஆறாகி, அடுத்த ஆண்டு பன்னிரண்டாகும்போது செலவு புதுப்பெட்டிகளுக்கு மட்டுமே; உங்கள் கைத்திறனும் கூடவே வளரும். பெருகிய குடும்பங்களைப் புதிதாகத் தொடங்குவோருக்கு விற்பதும் நல்ல வருமானம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயிற்சி குறித்துத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும், மார்த்தாண்டத்திலுள்ள தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். வீட்டில் எடுக்கும் தேனை விற்கலாமா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதியின்றித் தொழிலோ வணிகமோ செய்தல் கூடாது. மேலதிகாரியிடம் எழுத்து மூலம் விண்ணப்பித்து அனுமதி பெற்றபின் தொடங்குங்கள்.

கேள்வி: கலப்படமே இல்லாத என் தேன் ஒரு மாதத்தில் உறைந்துவிட்டது. சர்க்கரை கலந்தது என்று கூறிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கருங்கல்

பதில்: உங்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ரப்பர் தேனில் குளுக்கோஸ் மிகுதியாதலால் அது விரைவில் மணல்போல் உறைவது இயல்பே. உறைவதைக் கொண்டே கலப்படம் என்று முடிவுகட்ட இயலாது. குப்பியை நாற்பது டிகிரி அளவுள்ள வெந்நீரில் நிறுத்தினால் மெல்ல இளகிவிடும். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சினால் மணமும் நிறமும் கெடும். ஆனால் உறைந்த தேனுக்கு மேல் நீர்த்த அடுக்கு நின்று, நுரைத்துப் புளித்த வாடை வந்தால், முதிராத தேனை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். அடையின் அறைகளில் முக்கால் பங்கையாவது தேனீக்கள் மெழுகால் மூடியபின் எடுங்கள். அடுத்த பருவத்திலிருந்து குப்பியின் ஒட்டுத்தாளிலேயே, "இது ரப்பர் கொழுந்துத் தேன், உறையும், வெந்நீரில் வைத்தால் இளகும்" என்று அச்சிட்டு விடுங்கள், கடைக்காரரிடம் உறைந்த குப்பி ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன்னிலையிலேயே இளக்கிக் காட்டுங்கள்.