அமேசான் அஃபிலியேட்: புதிதாக வருகிறவர்கள் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அமேசான் அசோசியேட்ஸ் பற்றித்தான். நீங்கள் போட்ட லிங்க் வழியாக ஒருவர் அமேசானில் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் தருகிற அஃபிலியேட் திட்டம் அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிதாகத் தொடங்குகிறேன். அமேசானில் சேரலாமா, அதிகக் கமிஷன் தருகிற வேறு இடத்தைத் தேடலாமா? (மதுரை)

சேருங்கள். சேரக் காசு கேட்பதில்லை. 1996 முதல் நடக்கிற திட்டம். வாங்குகிறவருக்குக் கடை மேல் நம்பிக்கை வரவைக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். நீங்கள் காட்டிய தோசைக்கல்லை விட்டுவிட்டு அவர் குக்கர் வாங்கினாலும் உங்களுக்குக் கமிஷன் உண்டு. கையில் ஒன்றும் இல்லாதவர் தொழில் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கமிஷன் அட்டவணை அவர்கள் கையில். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபர்னிச்சருக்கு 8 சதவீதமாக இருந்ததை 3 ஆக்கினார்கள், மளிகையை 5-லிருந்து 1-க்கு இறக்கினார்கள். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு வாரம்தான். அந்த ஒரு வரவையே நம்பி ஆள் வைத்து நடத்தியவர்கள் தவித்துப் போனார்கள். இந்தியாவின் அட்டவணை வேறு, அதுவும் மாறும். அதனால் அமேசானில் தொடங்குங்கள், ஒரு வருடத்துக்குள் இரண்டாவது வரவு ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

என் லிங்க்கைப் போன மாதம் க்ளிக் செய்தவர் இப்போதுதான் வாங்கினார். கமிஷன் வரவில்லையே? (திருச்சி)

வராது. அவர் உங்கள் லிங்க்கில் வந்தார் என்று பிரவுசரில் பதிகிற குறிப்புக்குக் குக்கீ என்று பெயர். அது 24 மணி நேரம்தான். அதற்குள் அவர் பொருளைக் கார்ட்டில் போட்டிருந்தால் மட்டும் சுமார் 90 நாள் வரை கணக்கில் நிற்கும். விதிமுறைப் பக்கத்திலேயே இருக்கிறது, படியுங்கள்.

180 நாளுக்குள் 3 விற்பனை ஆகவில்லை என்றால் அக்கவுண்ட் போய்விடுமாமே. அக்காவையும் சித்தப்பாவையும் வாங்கச் சொல்லி எண்ணிக்கையை முடித்துவிடலாமா? (சேலம்)

முடிக்க முடியாது. நீங்கள் வாங்கினாலும், உறவினரும் நண்பரும் உங்கள் லிங்க்கில் வாங்கினாலும் தகுதியான விற்பனை ஆகாது. இப்படிச் செய்து மாட்டி அக்கவுண்ட்டை இழந்தவர்களின் கடிதம் மாதம் இரண்டாவது வருகிறது. விற்பனை இல்லாமல் மூடினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். விதியை மீறி மூடப்பட்டால் திரும்பப் பெறுவது கடினம். எதை ஆபத்தில் வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

இன்னொன்று. எழுத ஆரம்பித்த அன்றே ஏன் விண்ணப்பிக்கிறீர்கள்? இருபது கட்டுரையாவது போட்டு, தினமும் ஐம்பது பேராவது வந்து போக ஆரம்பித்த பிறகு விண்ணப்பித்தால் 180 நாள் தாராளம்.

‘சிறந்த 10 கிரைண்டர்கள்’ என்று எழுதப் போகிறேன். பத்தையும் வாங்கிப் பார்க்க வசதியில்லை. அமேசானில் உள்ள ஸ்டார், கஸ்டமர் ரிவ்யூ, விலை எல்லாவற்றையும் எடுத்துத் தமிழில் போட்டால் போதும்தானே? (கோயம்புத்தூர்)

போதாது, அப்படிச் செய்யவும் கூடாது. முதலில் விதிமுறை. வாடிக்கையாளர் ரிவ்யூவையும் ஸ்டாரையும் எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்ட அனுமதி இல்லை. விலையைக் கையால் டைப் செய்து வைக்கவும் கூடாது. அது அடிக்கடி மாறும், நீங்கள் போட்டது பொய்யாகி நிற்கும்.

விதிமுறையை விடுங்கள். நீங்கள் எழுதுவது கோயம்புத்தூரிலிருந்து. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது. தெருவுக்கு ஒரு பட்டறை, வீட்டுக்கு ஒரு கிரைண்டர். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு கல்லைக்கூடத் தொடாமல் பத்து கிரைண்டருக்கு மதிப்பெண் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு மனசே கேட்கவில்லை.

வாங்க நினைக்கிற ஒருவருக்கு என்ன தெரிய வேண்டும்? உளுந்து எத்தனை நிமிடத்தில் பொங்குகிறது, அரைக்கும்போது மாவு சூடாகிறதா, கல்லைக் கழற்றி எடுக்க வயதானவர்களால் முடிகிறதா, டிரம்மின் அடியில் மாவு தங்குகிறதா, பெல்ட் அறுந்தால் ஊரில் மாற்ற ஆள் இருக்கிறாரா. இதில் ஒன்றுகூட அமேசான் பக்கத்துப் படத்தில் தெரியாது. உங்கள் அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும், சர்வீஸ் கடைக்காரருக்கு எல்லாருக்கும் மேலாகத் தெரியும்.

பத்து வேண்டாம். உங்கள் வீட்டில் ஓடுகிற ஒன்றை எடுங்கள். உறவில் இரண்டு வீட்டுக்குப் போய் அவர்களுடையதில் ஒரு படி அரிசி அரைத்துப் பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும், மாவைத் தொட்டுப் பாருங்கள், கழுவிப் பாருங்கள். சர்வீஸ் கடையில் அரை மணி நேரம் நின்று எந்த பாகம் அடிக்கடி பழுதாகி வருகிறது என்று கேளுங்கள். மூன்று கிரைண்டர் பற்றி உண்மையாக எழுதியது, முப்பது பற்றி ஒட்டியதை விட வாங்குகிறவருக்கு உதவும். குறையையும் எழுதுங்கள். ஒரு பொருள் தேவையில்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அடுத்து நீங்கள் வாங்கச் சொல்வதை நம்புவார்கள்.

நம் மொழியில் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒட்டு வேலையாகவே இருக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்து வாங்குகிற குடும்பம் அதை நம்பி வாங்குகிறது. அந்தக் காசு வீணாகக் கூடாது.

அஃபிலியேட் லிங்க் என்று வெளிப்படையாகச் சொன்னால் யாரும் க்ளிக் செய்ய மாட்டார்களே? (ஈரோடு)

சொல்லித்தான் ஆக வேண்டும். அமேசான் கேட்கிறது, விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல் கேட்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறையே 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் ஒளிக்காமல் லிங்க்குக்கு மேலேயே ஒரு வரி போடுங்கள்.

மாதம் 2,000 பேர் வருகிறார்கள். எவ்வளவு கிடைக்கும்? (தூத்துக்குடி)

என்ன எழுதுகிறீர்கள் என்றே சொல்லவில்லை. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100 பேர் க்ளிக், அதில் 5 பேர் வாங்குகிறார்கள், ஆளுக்கு 800 ரூபாய், கமிஷன் 5 சதவீதம். வருவது 200 ரூபாய். திருப்பி அனுப்பினால் அதிலும் கழியும். கைக்கு வர மாதம் முடிந்து சுமார் 60 நாள். வேலையை விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

15,000 ரூபாய் கோர்ஸ் ஒன்றில் சேரலாமா? (சென்னை)

வேண்டாம். அந்தக் காசில் இரண்டு மூன்று பொருள் வாங்கிப் பயன்படுத்தி எழுதுங்கள். விதிமுறைப் பக்கம் இலவசம்.

என் ஸ்டேஷனரி கடையில் அஃபிலியேட் லிங்க்கை கியூஆர் கோடாக அச்சடித்து ஒட்டலாமா? (விருதுநகர்)

கூடாது. அச்சு, நோட்டீஸ், பிடிஎஃப் புத்தகம் எதிலும் கூடாது.

பான் கார்டு இன்னும் எடுக்கவில்லை. பிறகு கொடுத்தால் ஆகாதா? (திருநெல்வேலி)

முதலில் எடுங்கள். பான் இல்லையென்றால் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்கிற வரி, 20 சதவீதம் வரை போகும். கமிஷனும் வருமானம்தான், ரிட்டர்னில் காட்ட வேண்டும். பான் எண் வந்த பிறகு விண்ணப்பியுங்கள், அதுவரை எழுதிக்கொண்டிருங்கள்.