லேபுக்கு போன ரத்தம்: வாசகர் கேள்வி பதில்

"அக்கா, என் பையனுக்கு நாலு வயசு. 'அம்மா'வத் தவிர இன்னும் பேச்சு வரல, நடையும் லேட்டாத்தான் வந்துச்சு. டாக்டர் குரோமோசோம் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. ரத்தத்த என் வீட்டுக்காரரே ஐஸ் பெட்டில வச்சு ராத்திரி பஸ்ல சென்னைக்கு கொண்டு போய் குடுத்தாரு. ரெண்டு வாரம் கழிச்சு 'செல் வளரல, திரும்ப ரத்தம் குடுங்க'ங்கிறாங்க. ஏமாத்துறாங்களா?"
ஒரு அம்மா, தங்கச்சிமடம்

ஏமாத்தல தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் மேலயும் தப்பு இல்ல, அவர ஒரு வார்த்தை கூட சொல்லிடாதீங்க. நம்ம கரையில எத காப்பாத்தணும்னாலும் முதல்ல ஐஸ்ல தான போடுவோம், அவருக்கு வேற எப்படித் தெரியும், ரத்தம் எடுத்த இடத்துல தான் சொல்லியிருக்கணும்.

குரோமோசோம்னா செல்லுக்குள்ள ஜீன்கள தாங்கி நிக்கிற இழை, அத பாக்குற டெஸ்டுக்கு ரத்தம் உயிரோட போய் சேரணும். அதுல இருக்கிற வெள்ளை அணுக்கள லேப்ல 37 டிகிரி சூட்டுல சுமார் 72 மணி நேரம் வளக்குறாங்க, ஒரு அணு ரெண்டா பிரிய ஆரம்பிக்கறதுக்கு ராஜ்மா பயறுல இருந்து எடுக்கிற ஒரு பொருள சேக்குறாங்க, சரியா பிரியுற நேரத்துல மருந்து போட்டு நிறுத்தி, கண்ணாடில சொட்டு விட்டு, சாயம் ஏத்தி, மைக்ராஸ்கோப்ல குரோமோசோம் 46 இருக்கா, எங்கயாவது ஒடிஞ்சு இருக்கான்னு ஒன்னொன்னா பாக்குறாங்க. உறைஞ்சு செத்த அணு வளராது, அவ்வளவுதான்.

சென்னைல பல குழுக்கள் சேந்து பயன்படுத்துற பொது லேப் ஒன்னுல நான் வேலை பாத்தப்போ காலைல ஒரு தெர்மாகோல் பெட்டி வந்துச்சு, டேப்ப உரிச்சதும் மீன் வாடை, உள்ள நொறுக்கு ஐஸ் நடுவுல பச்சை மூடி போட்ட டியூப் நிக்குது. தூக்கிப் பாத்தா ரத்தம் நன்னாரி சர்பத் மாதிரி தெளிஞ்சு போயிருந்துச்சு, அணு உடைஞ்சா அப்படித்தான் ஆகும். வெளிய அந்தப் பிள்ளையோட அப்பா ராத்திரி பூரா தூங்காத கண்ணோட உக்காந்திருந்தாரு. அவர்கிட்ட போய் சொன்ன அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் மனசுல இருக்கு.

இந்த தடவ இப்படி பண்ணுங்க. குரோமோசோமுக்குன்னா ரத்தம் கட்டியாகாம இருக்க ஹெபாரின்ங்கிற மருந்து போட்ட பச்சை மூடி டியூப், ஐஸே வேணாம், வெயில் படாம சாதாரண சூட்டுல, முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள. அதவிட நல்லது பையனையே கூட்டிட்டு போய் அங்கயே குடுக்கறது. டிஎன்ஏ டெஸ்டுன்னா கதை வேற, அதுக்கு ஊதா மூடி, ஃப்ரிட்ஜ் குளிர்ல சில நாள் தாங்கும். ரத்தம் எடுக்கிறவங்ககிட்ட "எந்த மூடி, எந்த சூடு, எத்தன மணி நேரம்"னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. மறுபடி எடுக்கறதுக்கு காசு கேட்டா, முதல் தடவ ஏன் சொல்லலன்னு தைரியமா கேளுங்க.

"நான் பயோடெக் படிக்கிறேன். வளர்ச்சிக் குறைபாடு பத்தின ஆராய்ச்சில பொது லேப் பொது லேப்னு சொல்றாங்களே, விஞ்ஞானிங்க ஆளுக்கு ஒரு லேப் வச்சுக்க மாட்டாங்களா?"
மாணவி, கீழக்கரை

வச்சிருப்பாங்க ம்மா, ஆனா எல்லாத்தையும் வச்சுக்க முடியாது. மண்டபத்துல ஒவ்வொரு போட்டுக்காரரும் தனித்தனியா ஐஸ் கம்பெனி கட்டுறாரா? பார் கணக்குல காசு குடுத்து வாங்கி, நொறுக்கி ஏத்திட்டு கடலுக்கு போறாங்க. அதே தான் இங்கயும். ஜீன் படிக்கிற மெஷின், மூளை ஸ்கேன், செல் வளக்குற ரூம், எலியோட நடவடிக்கைய பாக்குற ரூம், கணக்கு போட்டு தர்ற புள்ளியியல் ஆளு, எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், பல குழுக்கள் டோக்கன் மாதிரி நேரம் வாங்கி சாம்பிளுக்கு இவ்வளவுன்னு கட்டி பயன்படுத்தும்.

அமெரிக்கால இது பழைய ஏற்பாடு. 1963 அக்டோபர் 31 அன்னைக்கு ஜனாதிபதி கென்னடி கையெழுத்து போட்ட சட்டம் தான் அறிவுத்திறன் குறைபாட்டு ஆராய்ச்சிக்குன்னே மையங்கள் கட்ட பணம் குடுத்துச்சு. அவரோட சொந்த தங்கச்சி ரோஸ்மேரிக்கு அந்தக் குறைபாடு இருந்துச்சு, வீட்டுக்குள்ள பாத்த வலி சட்டமா வந்துச்சுன்னு தான் நான் நெனைக்கிறேன். இன்னைக்கும் அந்த மையங்களோட முதுகெலும்பு பொது லேப் தான்.

ஏன் அவ்வளவு முக்கியம்னா, பிள்ளையோட மூளைய வெட்டி எடுத்து பாக்க முடியாதுல்ல. ஜப்பான்ல யமனாக்காங்கிற விஞ்ஞானி 2006-ல எலியிலயும் 2007-ல மனுஷனோட செல்லுலயும் காட்டின வழி இருக்கு, தோல் செல்ல திரும்ப ஆரம்ப நிலைக்கு கொண்டு போய், அதுல இருந்து நரம்பு செல்ல வளத்துடலாம், இப்ப ரத்தத்துல இருந்தும் பண்றாங்க. ஆனா ஞாயித்துக்கிழமைனு கூட பாக்காம அதுக்கு தீனி மாத்தணும், விட்டுட்டா மாசக்கணக்கு வேலை வீணாப் போகலாம், சின்ன குழுவால தாங்க முடியாது. நம்ம நாட்டுல பெங்களூர்ல சி-கேம்ப்னு 2009-ல ஆரம்பிச்ச இடம் இப்படி வெளி ஆளுங்களுக்கும் மெஷின் திறந்து விடுது. எங்க எந்த மெஷின் இருக்குன்னு தேடிப் பிடிக்க ஐ-ஸ்டெம்னு மத்திய அரசு போர்ட்டலும் இருக்கு.

உனக்கு ஒன்னு சொல்றேன். டியூப்ல பேர் எழுதறத முதல்ல ஒழுங்கா கத்துக்கோ. சாதாரண பேனால எழுதினா ஆல்கஹால் பட்டதும் அழிஞ்சிடும், அழிஞ்சா அது யார் பிள்ளையோட ரத்தம்னு அவ்வளவு பெரிய மெஷினுக்கும் தெரியாது.

"மாமன் மகளத்தான் கட்டினேன். பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைபாடு வந்ததுக்கு அதுதான் காரணம்னு ஊரே சொல்லுது, என் சம்சாரம் சாப்பிடுறதே இல்ல. நெசமா?"
வாசகர், தேவிபட்டினம்

தம்பி, டெஸ்ட் ரிசல்ட் வராம யாரும் அப்படி சொல்ல முடியாது. சொந்தத்துல கட்டினா ஜீன்ல ஒரே பழுது ரெண்டு பேர்கிட்டயும் இருக்க வாய்ப்பு கூடும், இது உண்மை, அப்படி இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் பிள்ளைய பாதிக்க 4-ல 1 வாய்ப்பு இருக்கு. ஆனா டவுன் சிண்ட்ரோம் 21-ஆம் குரோமோசோம் ஒன்னு கூடுறதால வர்றது, 1959-லயே கண்டுபிடிச்சாச்சு, அதுக்கும் மாமன் மகளுக்கும் சம்பந்தமே இல்ல. ஃப்ரஜைல் எக்ஸ்னு அறிவுத்திறன பாதிக்கிற மரபுக் குறைபாடு ஒன்னு இருக்கு, எஃப்எம்ஆர்1 ஜீன்ல டிஎன்ஏவோட ஒரு மூணு எழுத்து 200 தடவைக்கு மேல திரும்பத் திரும்ப வந்தா அந்த ஜீன் மூடிக்கும், 1991-ல தெரிஞ்சது, அதுவும் சொந்தத்துல கட்டினதால வர்றதில்ல. சாதாரண குரோமோசோம் ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் இது உள்ள ஒளிஞ்சிருக்கும், தனியா டெஸ்ட் கேக்கணும். அடுத்த பிள்ளைக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து மரபணு ஆலோசனைக்கு போங்க. இன்னைக்கு ராத்திரி அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட வைங்க, அத முதல்ல செய்யுங்க.

"மிச்ச ரத்தத்த ஆராய்ச்சிக்கு வச்சுக்கறோம்னு ஃபாரம் நீட்டுறாங்க. கையெழுத்து போடலாமா?"
ஒரு அப்பா, உச்சிப்புளி

போடலாம், எனக்கு அதுல சந்தோஷம் தான். ஆனா தமிழ்ல படிச்சு காட்டச் சொல்லுங்க. எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க, வேற லேபுக்கு அனுப்புவாங்களா, பிள்ளைக்கு உபயோகமான விஷயம் தெரிஞ்சா நம்மள கூப்பிடுவாங்களான்னு கேளுங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி எப்ப வேணா விலகிக்கலாம், விலகினா வைத்தியத்த குறைக்கக் கூடாது, ஆராய்ச்சி டெஸ்டுக்கு உங்ககிட்ட காசும் வாங்கக் கூடாது.

"பேரனோட டெஸ்ட் ரிசல்ட் வர மாசக்கணக்கு ஆகுமாம். அதுவரைக்கும் தெரபிய நிறுத்தி வைக்கவா?"
ஒரு பாட்டி, பாம்பன்

வேணாம் ஆத்தா, ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க! லேப்ல சாம்பிள் நிறைய சேந்தா தான் மெஷின ஓட்டுவாங்க, ஷேர் ஆட்டோ மாதிரி, அதான் லேட்டு. பேரனோட மூளை அதுக்காக காத்திருக்காது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில போய் மாவட்ட இடையீட்டு சேவை மையம் எங்கன்னு கேளுங்க. காதுக்கும் தைராய்டுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேட்டுருங்க, அது ரெண்டுக்கும் வெளியூர் வரைக்கும் போக வேண்டியதில்ல.