மகள் சேரப்போகும் கார் நிறுவனத்துக்கு முதலாளி யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

இயந்திரப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகளுக்கு, வளாக நேர்காணலின் மூலம் பெரிய கார் நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகியிருப்பது அறிந்து மகிழ்ந்தேன். அந்த நிறுவனத்துக்கு உண்மையில் முதலாளி யார், அவர் நாளைக்கே அதை விற்றுவிட்டுப் போய்விட்டால் பிள்ளையின் கதி என்ன என்று கவலையோடு கேட்டிருக்கிறீர்கள். வேலையில் சேரும் முன் பெரும்பாலான பெற்றோர் சம்பளத்தையும் விடுதி வசதியையும் மட்டும் விசாரிக்கிறார்கள். நீங்கள் கேட்டிருப்பது அவற்றைவிட முக்கியமானது. நிறுவனத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை என்பதால், எந்த நிறுவனமாக இருந்தாலும் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளும் விதத்தில் விளக்க முயல்கிறேன்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில், ஆலையும் இயந்திரங்களும் நிறுவனத்துக்கே சொந்தம். பங்குதாரருக்குச் சொந்தமானது அவர் கையில் இருக்கும் பங்கு மட்டுமே. பங்குகள் அன்றாடம் கைமாறினாலும், இயக்குநர்களை நியமிக்கும் அளவுக்கு வாக்குகளைச் சேர்த்து வைத்திருப்பவர் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே முதலாளி என்று நீங்கள் தேட வேண்டியது அந்த வாக்குகளை வைத்திருப்பவரைத்தான். இந்தியாவில் இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாட்களுக்குள் பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் பங்குடைமை விவரத்தைப் பங்குச் சந்தைக்குத் தர வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதி. சந்தையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் காணலாம். அந்த அட்டவணையின் முதல் பகுதியில் புரமோட்டர் எனப்படும் நிறுவனர் தரப்பும், அடுத்த பகுதியில் பொதுப் பங்குதாரர்களும் இருப்பார்கள். மியூச்சுவல் ஃபண்டுகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள், தனிநபர்கள் ஆகியோரெல்லாம் இந்த இரண்டாம் பகுதியில் அடங்குவர். பங்குகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், வாக்குரிமையின் சதவீதத்தைக் காட்டும் பத்தியையும் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாருதி சுசுகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே ஜப்பானின் சுசுகி 26 சதவீதப் பங்குடன் கூட்டாளியானது. 2002இல் கட்டுப்பாடு சுசுகியின் கைக்குப் போனது, 2003இல் பங்குகள் சந்தைக்கு வந்தன, 2007இல் அரசு தன்னிடம் மிஞ்சியிருந்த பங்கையும் விற்று முற்றிலுமாக விலகியது. இன்று சுசுகியிடம் இருப்பது ஏறத்தாழ 58 சதவீதம். இத்தனை கைமாற்றங்களுக்கு நடுவிலும் ஆலைகள் பெருகினவே தவிர மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உடைமை மாறுவதே ஆபத்து என்று நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஹூண்டாய் மோட்டார் இந்தியா 2024 அக்டோபரில் சந்தைக்கு வந்த பிறகும் 82.5 சதவீதப் பங்கு கொரியத் தாய் நிறுவனத்திடமே இருந்தது. டாடாவின் வாகன நிறுவனங்களில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல், டாடா குழுமத்தின் தலைமை நிறுவனமான டாடா சன்ஸ் தரப்பிடம் இருக்கிறது; அந்த டாடா சன்ஸில் 66 சதவீதம் அறக்கட்டளைகளுக்குச் சொந்தம்.

பங்கு ஒருவரிடமும் அதிகாரம் மற்றொருவரிடமும் இருக்க முடியும் என்பதை விளங்கிக்கொள்ள ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதன் பங்கு மூலதனத்தில் போர்ஷே எஸ்.இ. என்ற நிறுவனத்துக்கு உள்ள பங்கு 31.9 சதவீதம்தான், ஆனால் ஃபோக்ஸ்வாகன் வெளியிட்ட பங்குகளில் ஒரு பகுதிக்கு வாக்குரிமையே கிடையாது என்பதால், வாக்குகளில் போர்ஷே எஸ்.இ.யின் பங்கு 53.3 சதவீதமாகிறது. போர்ஷே எஸ்.இ.யின் வாக்குரிமைப் பங்குகளோ போர்ஷே, பியெக் என்ற இரு குடும்பங்களிடம் இருக்கின்றன. அப்படியானால் அந்தக் குடும்பங்கள் நினைத்ததைச் செய்துவிடலாமா என்றால், முடியாது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீத வாக்குகள் உள்ளன. 1960இல் இயற்றப்பட்ட ஃபோக்ஸ்வாகன் சட்டத்தின்படி முக்கியத் தீர்மானங்கள் நிறைவேற 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பதால், மாநில அரசு ஒன்றே நினைத்தாலும் அவற்றைத் தடுத்துவிடலாம். நிர்வாகத்தைக் கண்காணிக்கும் 20 பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவில் பாதிப்பேர் தொழிலாளர் தரப்பினர். புதிய ஆலையை நிறுவவோ, இருப்பதை இடம் மாற்றவோ அக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் தேவை. 2024ஆம் ஆண்டின் கடைசியில் செலவைக் குறைக்க நிர்வாகம் முனைந்தபோது, நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் ஜெர்மனியில் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பது, ஆனால் யாரையும் கட்டாயமாக வெளியேற்றுவதில்லை என்று உடன்பாடு ஏற்பட்டதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். மேசையின் எதிர்ப்பக்கத்தில் யாருக்கு நாற்காலி இருக்கிறது என்பது தொழிலாளியின் வாழ்க்கையை இவ்வளவு தூரம் தொடுகிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு தலைமையகம் இருக்கும் நாட்டோடு நின்றுவிடலாம். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தில் ஃபோர்டு குடும்பத்தாரிடம் இருப்பது மொத்தப் பங்குகளில் சுமார் 2 சதவீதமே. சந்தைக்கு வராத சிறப்பு வகைப் பங்குகளின் வழியாக 40 சதவீத வாக்குகளை அவர்கள் வைத்திருக்கிறார்கள். அத்தகைய நிலையான குடும்பக் கட்டுப்பாடு இருந்தும், பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் இழப்பு என்று கூறி, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. ஆலையில் பணியாற்றியவர்களும் அவர்களை நம்பியிருந்த உதிரிபாக நிறுவனங்களும் பட்ட பாடு சிறிதன்று. அதே வேளையில், உலகெங்கும் உள்ள ஃபோர்டு பிரிவுகளுக்குப் பொறியியல், தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வழங்கும் அதன் இந்திய அலுவலகம் தொடர்ந்து இயங்கியது. முதலாளி ஒருவரே என்றாலும், ஊழியர் எந்தப் பிரிவில் இருந்தார் என்பதைப் பொறுத்து அவருடைய நிலை வேறாகியது. உங்கள் மகளின் விஷயத்தில் நான் மிகவும் அக்கறையோடு பார்ப்பது இதைத்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்களில் தனிப்பெரும் உரிமையாளர் என்று எவரையும் சுட்ட இயலாது. 2009இல் அது திவாலானபோது அமெரிக்க அரசு ஏறத்தாழ 61 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்று வெளியேறியது. இப்போது பட்டியலின் மேற்பகுதியில் காணப்படும் வான்கார்டு, பிளாக்ராக் போன்றவை மற்றவர்களின் சேமிப்பை நிர்வகிப்பவையே தவிர, ஆலையை நடத்தும் முதலாளிகள் அல்ல.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பணி நியமனக் கடிதம் வந்ததும், அதன் தலைப்பில் இருக்கும் சின்னத்தை விட்டுவிட்டு, பணியமர்த்துபவர் என்று குறிப்பிட்டிருக்கும் நிறுவனத்தின் முழுப்பெயரைப் பாருங்கள். பட்டியலிட்ட நிறுவனமேதானா, அதன் துணை நிறுவனமா, அல்லது அங்கே ஆளனுப்பும் ஒப்பந்த நிறுவனமா என்பதை அந்தப் பெயரைக் கொண்டே கண்டறியலாம். மகள் யாருடைய ஊழியர் என்பதைச் சட்டப்படி தீர்மானிப்பதும் அதுவே. டாடா மோட்டார்ஸ் 2025இல் வணிக வாகனங்களுக்கும் பயணியர் வாகனங்களுக்கும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டதால், பழகிய பெயராயிற்றே என்று மேலோட்டமாகப் படிப்பது அங்கேயும் உதவாது. பயிற்சிக்காலம் எவ்வளவு, அது முடிந்தபின் நிரந்தரமாக்குவதற்கான நிபந்தனை என்ன என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதியை நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

அடுத்து, வெளிநாட்டுத் தாய் நிறுவனம் பெரும்பான்மை வைத்திருந்தால், எஞ்சினும் அடிப்படை வடிவமைப்பும் பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். இங்குள்ள நிறுவனம் அதைப் பயன்படுத்துவதற்கான கட்டணமாக ராயல்டி செலுத்தும். அந்தத் தொகை ஆண்டறிக்கையிலேயே இருக்கும். வடிவமைப்பில் நாட்டம் உள்ள பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மாருதிக்கு ரோத்தக்கில் இருப்பதைப் போன்ற ஆய்வு மையம் அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் உண்டா, புதியவர்களை அங்கே எடுக்கிறார்களா என்று மனிதவளப் பிரிவிடம் அவரே கேட்கட்டும். இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எந்த நல்ல நிறுவனமும் நினைக்காது.

பணியமர்த்தும் நிறுவனம் தெளிவாகத் தெரிந்து, நிரந்தரமாக்கும் நிபந்தனையும் எழுத்தில் இருந்தால், தயங்காமல் சேரச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், ஒப்புதல் தரும் முன் கடிதத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். பதில் சொல்ல வேண்டிய கெடு தேதியையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.